சனிக்கிழமை மூன்று மணிச் சாவு மணி

நெய்யூருக்கு மேற்கே உள்ள அந்தச் சின்ன ஊரில், ஸ்மைலின் என்று பெயர் வைத்துக்கொண்டு சிரிக்காமல் திரிந்த ஒரே ஆள் இவன்தான். பெயரைத் தேர்ந்தெடுத்தவர் அப்பா சத்தியநேசன். கீரிப்பாறைப் பக்கம் ஒரு தனியார் ரப்பர் எஸ்டேட்டில் பால்வெட்டுக்காரர்களுக்கு மேஸ்திரியாக இருந்தவர். அவர் சிரித்தும் யாரும் பார்த்ததில்லை. மகனாவது சிரிக்கட்டும் என்று நினைத்து வைத்திருப்பார். அதன் பிறகு அவன் சிரிக்க இருந்த வழிகளை எல்லாம் அவரே பார்த்துப் பார்த்து அடைத்தார்.

2004இல் ஸ்மைலின் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். சத்தியநேசன் எஸ்டேட் மேனேஜர் பின்னாலேயே அலைந்து, பையனுக்கு ரப்பர் பால் எடை போடும் வேலையை வாங்கி வைத்தார். சேர வேண்டிய நாளன்று வெளுத்த வேட்டியும் புதுச் சட்டையுமாக எஸ்டேட் வாசலில் நின்றார். பஸ் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள். ஸ்மைலின் இறங்கவில்லை. அவன் அந்நேரம் நெய்யூர் சந்திப்பில் ஏணிமேல் நின்று ‘ஸ்மைல் கம்ப்யூட்டர்ஸ்’ என்ற போர்டை மாட்டிக்கொண்டிருந்தான். முதல்நாளே அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். பயம். பயந்தாங்கொள்ளிகள் இழுத்து வைக்கிற வம்பைத் தைரியசாலிகளால் கனவிலும் இழுக்க முடியாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த சத்தியநேசன் திட்டவில்லை, கை ஓங்கவில்லை. மகனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

நிறுத்தினார் என்றால் வீட்டில் சத்தமே இல்லை என்று அர்த்தமில்லை. எல்லாம் அம்மா சத்தியபாய் வழியாக நடந்தது. மகன் எதிரே உட்கார்ந்திருப்பான். அப்பா அடுக்களையைப் பார்த்துச் சொல்வார்:

“ஏட்டி, ஒனக்க மவன்ட்ட சொல்லு. மோட்டார் ஓடிட்டே கெடக்கு, வெள்ளம் வழியுது.”

“எம்மா, அணைச்சாச்சுன்னு சொல்லு,” என்பான் ஸ்மைலின்.

சத்தியபாய் தொடக்கத்தில் இரண்டு பக்கமும் ஒழுங்காகச் சொல்லிப் பார்த்தாள். பிறகு அலுத்துப்போய், “ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது,” என்று தேங்காய் திருகுவதைத் தொடர்ந்தாள். ஆனால் அவள் வீட்டில் இல்லாவிட்டால் இருவரும் பூட்டிய கடை போலக் கிடந்தார்கள். ஏழு வருஷம் இப்படியே ஓடியது.

அந்த ஏழு வருஷத்தில் கம்ப்யூட்டர் சென்டர் படுத்தது. ஸ்மைலின் அதே கடையில் பழைய கம்ப்யூட்டர்களுக்குத் தூசி தட்டி, யுபிஎஸ்ஸுக்கு பேட்டரி மாற்றி, மொபைல் ரீசார்ஜ் போட்டுக் காலத்தைத் தள்ளினான். அவனுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. அப்பா தன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும். கெட்ட வார்த்தையானாலும் சரி.

2011 மழைக்காலத்தில் சத்தியநேசனுக்கு நெஞ்சு வலித்தது. ஸ்மைலின்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டு நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியெல்லாம் அப்பாவின் தோளை அணைத்துப் பிடித்திருந்தான். அந்த நிலைமையிலும் அவர் டிரைவரைப் பார்த்து, “பக்கத்துல இருக்க ஆளுட்ட கைய எடுக்கச் சொல்லும்,” என்றார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், “கூட வந்தவங்க உங்களுக்கு யாரு?” என்று கேட்டாள். “எனக்க வீட்டுக்காரிக்க மவன்,” என்றார். நர்ஸ் ஸ்மைலினை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அதைத் தன் மனசில் எப்படி எடுத்துக்கொண்டாளோ, அவனுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

அப்பா வீடு திரும்பிய கையோடு ஊர்ச் சபைக் கோயிலில் மணிப் பிரச்சினை வந்தது. மணியடிக்கிற பேபி கொல்லத்தில் ஒரு ஓட்டலுக்குக் காவல் வேலைக்குப் போய்விட்டார். பேபி இருந்த காலத்திலும் மணி அவர் எழும்பும்போதுதான் அடிக்கும். ஆராதனைக்கு முதல் மணியும் இரண்டாம் மணியும் ஒன்றாக அடித்த ஞாயிறுகள் உண்டு. இப்போது அதுவும் இல்லை. கமிட்டிச் செயலாளர், மரத் தடிக்கடை வைத்திருக்கும் ஜான்ரோஸ், தானே இரண்டு நாள் கயிறு இழுத்துப் பார்த்து முதுகு பிடித்துப் படுத்தார்.

ஸ்மைலின் போய் நின்றான். “அண்ணாச்சி, நான் கம்ப்யூட்டர்ல வச்சுத் தாறேன்.”

ஜெபத்தில் அவனுக்கு அப்படி ஒன்றும் நாட்டம் கிடையாது. அப்பா தினமும் காலை ஜெபத்துக்குப் போகிற கோயில் அது. மகன் அடிக்கிற மணியைக் கேட்டாவது மனசு இளகாதா என்ற நப்பாசைதான்.

கோயில் பின்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்தான். அதிலிருந்து ஒரு ஒயர், உள்ளங்கை அளவு ரிலே போர்டுக்கு. போர்டில் எட்டுக் கறுப்புக் கட்டிகள். கம்ப்யூட்டர் சொன்னால் அந்தக் கட்டி ‘டக்’ என்று உள்ளே ஒட்டிக்கொண்டு கரண்டை விடும், சொன்னால் நிறுத்தும். ஒன்றாம் எண்ணில், கோபுரத்தில் மணியைத் தட்டும் சுத்தியலுக்கான மோட்டார். லாரியின் வைப்பர் மோட்டாரை வைத்து அவனே செய்தது. இரண்டில் மைக்செட், மூன்றில் வாசல் விளக்கு. கம்ப்யூட்டர் திரையில் எட்டு எண்களுக்கும் எட்டுப் பொத்தான்கள், கீழே ஒரு அட்டவணை. என்ன கிழமை, எத்தனை மணி, எந்த எண், எவ்வளவு நேரம் என்று போட்டுவிட்டால் அதுபாட்டுக்கு வேலை பார்க்கும்.

முதல் ஞாயிறு இரண்டு மணிகளும் சொன்ன நேரத்துக்கு அடித்தன. ஊரே அசந்தது. பாதிப் பேருக்கு அன்றுதான் தாங்கள் இத்தனை வருஷமும் ஆராதனைக்குப் பிந்தி வந்துகொண்டிருந்தது தெரிந்தது. போதகருக்கே கொஞ்சம் சங்கடம். சத்தியநேசன் வீட்டுக்கு வந்து அடுக்களைப் பக்கம் திரும்பி, “மணி அடிச்சுது,” என்றார். பாராட்டா, தகவலா என்று ஸ்மைலின் ராத்திரி முழுக்க யோசித்தான்.

அப்புறம்தான் சாவு மணி. சபையில் யாராவது இறந்தால் ஒற்றை ஒற்றையாக, இடைவெளி விட்டு, ஆள் கூடும்வரை அடிக்க வேண்டும். கேட்ட மாத்திரத்தில் கைவேலையைப் போட்டுவிட்டு வருவது ஊர்ப் பழக்கம். அதையும் கம்ப்யூட்டரில் வைக்கலாமா என்று கமிட்டியில் அடிதடி ஆகாத குறை. சாவுக்கு நேரம் குறிக்க இவன் யார் என்று ஒருவர் எழும்பினார். நேரம் குறிக்கவில்லை, ஆள் செத்த பிறகு அமுக்க ஒரு பொத்தான் மட்டும்தான் என்று விளக்கி முடிப்பதற்குள் ஸ்மைலினுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

செய்துவிடலாம். ஆனால் சரியாக ஓடுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? மற்ற மணியை எப்போது வேண்டுமானாலும் அடித்துப் பார்க்கலாம். சாவு மணியை ஒரு தட்டுத் தட்டினாலும் ஊர் கூடிவிடும். ஆகவே ஒரு சனிக்கிழமை மத்தியானம் சுத்தியலின் ஒயரைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு பல்பை மாட்டினான். கீழே பொத்தானை அமுக்க ஆள் இல்லை. ஆள் வைத்தால் அவன் வெளியே போய் உளறுவான். அதனால் மூன்று மணிக்குத் தானாகத் தொடங்கும்படி அட்டவணையில் போட்டுவிட்டுக் கோபுரத்தில் ஏறி உட்கார்ந்தான். மூன்று மணிக்குப் பல்பு எரிந்தது, அணைந்தது. இடைவெளி விட்டு மறுபடியும் எரிந்தது. எந்தச் சாவு வீட்டுக்கும் மரியாதையான இடைவெளி. ஸ்மைலினுக்குத் தன்னையே பிடித்துப்போனது. இறங்கி வந்து நிறுத்தினான். ஏறிப் போய் சுத்தியலை மாட்டினான். பொத்தானுக்கு ‘சாவு மணி’ என்று பெயர் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

அட்டவணையில் போட்டதை அழிக்கவில்லை. அந்த வரியின் ஓரத்தில் ‘வாரந்தோறும்’ என்ற கட்டத்தில் டிக் இருந்ததையும் பார்க்கவில்லை. அந்த சாஃப்ட்வேரில் அந்த டிக் தானாகவே விழும்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு அவன் கடையில் ஒரு யுபிஎஸ்ஸைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான். காற்றோடு மணிச்சத்தம் வந்தது. ஒரு தட்டு. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு தட்டு.

சாவு மணி. ஜான்ரோஸ் அண்ணாச்சி பொத்தானை அமுக்கிவிட்டார். யாருக்காக? ஊரில் போன மாசம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆள் ஒருவர்தான் உண்டு.

தான் செய்த மணி என்பதோ, அன்று சனிக்கிழமை என்பதோ அவன் மண்டையில் ஏறவே இல்லை. ஸ்குரூடிரைவரைப் பிடித்தபடியே ஓடினான். ஒரு செருப்பு ஓடையோரம் நின்றுவிட்டது. ஏழு வருஷமாக அப்பாவிடம் சொல்ல நினைத்து வைத்ததெல்லாம் வழி நெடுக வாயில் வந்தது, எதிரே வந்த சைக்கிள்காரரிடம் அதில் பாதியைச் சொல்லியும்விட்டான். வாசலுக்கு வந்ததும், “எப்பா, எப்பா,” என்று சின்னப் பிள்ளை போல அலறிக்கொண்டு உள்ளே விழுந்தான்.

சத்தியநேசன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவித்த மரச்சீனிக் கிழங்கை மீன் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்மைலினுக்குப் பார்த்தும் புரியவில்லை. அழுகை ஓடுகிற வண்டி, உடனே நிற்காது. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, “என்ன உட்டுட்டுப் போயிராதீங்கப்பா, நான் அண்ணைக்கே சொல்லியிருக்கணும்,” என்று குழறினான். மணியைக் கேட்ட ஊர் அவன் ஓடியதைப் பார்த்து அதற்குள் பின்னாலேயே வந்துவிட்டது. முன்னால் ஒருவர் கையில் மலர்வளையம். வாசலைத் தாண்டி உள்ளே பார்த்த அவர், இறந்தவர் கிழங்கு தின்பதைக் கண்டு வளையத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். மறைகிற அளவில் இல்லை அது.

“நேசன் அண்ணன் இருக்காருடே,” என்றது ஒரு குரல். அந்தக் குரலில் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்ததைச் சொல்லாமல் விட முடியாது.

தூரத்தில் மணி தட்டியது. ஸ்மைலின் தலையைத் தூக்கினான். சனிக்கிழமை. மூன்று மணி. பல்பு. அவன் முகம் வெளிறிப்போன விதத்தைப் பார்த்தே சத்தியநேசனுக்கு முழுக் கதையும் விளங்கிவிட்டது.

அவர் அடுக்களைப் பக்கம் திரும்பினார். “ஏட்டி,” என்றார். சத்தியபாய் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தாள். வாசலைப் பார்த்தார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. காலைக் கட்டிக்கொண்டு மூக்குச் சளியும் கண்ணீருமாகக் கிடந்த முப்பது வயசுப் பிள்ளையைப் பார்த்தார். வாயிலிருந்த கிழங்கை மெல்ல விழுங்கினார்.

“ஏலே,” என்றார். “போய் அத நிறுத்து. இன்னும் அடிச்சா உள்ளபடியே செத்துருவேன்.”

ஸ்மைலின் தன்னிடம்தான் சொன்னாரா என்று சுற்றிப் பார்த்தான்.

“ஒன்னத்தான் மக்கா. நிறுத்திட்டு வா. கிழங்கு ஆறுது.”

கோயில் பின்னறைக்கு அவன் ஓடிப் போனபோது ஜான்ரோஸ் அங்கே எல்லாப் பொத்தான்களையும் மாறி மாறி அமுக்கியிருந்தார். வாசல் விளக்கு பகலில் எரிந்தது, மைக்செட் கூவியது, மணி மட்டும் நிற்கவில்லை. ஸ்மைலின் அந்த டிக்கை எடுத்தான், நிறுத்தினான். ஊர் அமைதியானது. ஜான்ரோஸ் கொதித்துக்கொண்டிருந்தார். சபையின் மானம் போனது, கமிட்டியில் விசாரணை உண்டு, போதகர் பதில் கேட்பார், இனி ஒருவன் செத்தால் எவன் நம்புவான் என்று நிறுத்தாமல் பொரிந்தார்.

ஸ்மைலின் ஒற்றைச் செருப்போடு கதவருகே நின்று, ஒரு காலால் மற்றக் காலைச் சொறிந்துகொண்டான்.

“கொஞ்சம் வேகமா சொல்லி முடியுங்க அண்ணாச்சி,” என்றான். “அப்பா சாப்பிட விளிச்சிருக்காரு.”