வாத்தியாருக்கு வாய்த்த மாணவி

கல்லூரியில் தலை நரைக்கும்வரை இயற்பியல் நடத்திய மனிதருக்கு வாழ்க்கைப்பட்டும், அந்தப் பாடத்துக்கும் அவளுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அவர் குவாண்டம் என்று வாயைத் திறந்தால் போதும், தையல் மெஷினில் அவளுக்குத் தலைபோகிற வேலை முளைத்துவிடும். பள்ளிச் சீருடை தைப்பது அவள் தொழில். சாக்குக்குப் பஞ்சமே இல்லை.

இப்போது அவருக்கு மறதி நோய். சாப்பிட்டதை மறந்தார், தெருவை மறந்தார், கடைசியில் அவளையும் மறந்தார். "நான்தாங்க உங்க பொண்டாட்டி" என்று ஒருநாள் கையைப் பிடித்துச் சொல்லப்போக, மனிதர் மிரண்டு குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். தச்சரைக் கூப்பிட்டுக் கதவைக் கழற்ற வேண்டியதாயிற்று. அதோடு அவள் அந்தப் பேச்சை விட்டாள்.

பிறகொரு நாள் அலமாரியைத் துடைக்கும்போது அவருடைய தடித்த புத்தகத்தைத் திறந்து, "இதுல அப்படி என்னதான் இருக்கு?" என்றாள். நாற்காலியில் துணிமூட்டையாகக் கிடந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உட்காரும்மா. அலைன்னா என்னன்னு தெரியுமா?"

அவளைக் கல்லூரி மாணவி என்று நினைத்துவிட்டார். நினைத்தால் நினைக்கட்டும் என்று அவளும் அன்றிலிருந்து "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தாள். முகம் பார்த்துப் பேசுகிறாரே, அது போதாதா? பேசிப் பேசி என்றாவது ஒரு நொடி தன்னை இன்னாரென்று கண்டுகொள்ள மாட்டாரா? அந்த நப்பாசைதான் அவளைப் படிக்கவைத்தது.

வாத்தியார் லேசுப்பட்டவர் இல்லை. நேற்று நடத்தியது அவருக்கு மறந்துபோகும். அவள் படிக்காமல் வந்தால் மட்டும் கண்டுபிடித்துவிடுவார். "சும்மா வந்து என் உயிரை வாங்காத" என்று எரிந்து விழுவார். பெரிய புத்தகமோ முதல் பக்கத்திலேயே அவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை இரவல் வாங்கினாள். அலைபோல ஏறி இறங்கும் சைன் வளைவை முதன்முதலாக வரைந்தபோது, சட்டைக் கைக்குத் துணி வெட்டுகிற வளைவு மாதிரியே இருந்ததில் சிரிப்பு வந்தது. மற்றபடி அழுகைதான். மெஷின் மேல் போனைச் சாய்த்துவைத்துப் பாடம் கேட்டுக்கொண்டே தைத்ததில், ஒரு பையனுடைய கால்சட்டைக்கு இரண்டும் இடது காலாகப் போயிற்று.

ஒருநாள் போனில் பார்த்தபடி, லேசர் லைட்டின் முன்னால் தன் தலைமுடி ஒன்றைப் பிடித்தாள். சுவரில் ஒற்றைப் புள்ளிக்குப் பதிலாக வெளிச்சமும் இருட்டுமாக வரிவரியாய் விழுந்தது.

"சார், ஒளி முடிக்கு ரெண்டு பக்கமும் அலையா வந்து கலக்குது, சரி. ஒளியை ஒவ்வொரு துகளா அனுப்பினாலும் கடைசில இதே வரிதான் வருதாமே? ஒத்தைத் துகள் எந்தப் பக்கமா போச்சு?"

அவர் கைதட்டிவிட்டார். "இதாம்மா கேள்வி! குவாண்டம் இங்கதான் ஆரம்பிக்குது. எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கப் போனா, இந்த வரியே அழிஞ்சிடும்."

சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்தார். லேசரையும் முடியையும் அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "நான் வீட்டுக்குப் போகணும். இதை என் வீட்டுக்காரிக்குக் காட்டணும். நான் என்ன சொன்னாலும் எழுந்து ஓடிடுவா. இதைக் காட்டினா உட்கார்ந்து பார்ப்பா."

அவருக்கு இத்தனை மாதம் கழித்து மனைவி ஞாபகம் வந்துவிட்டது. எதிரே நிற்கிறவள்தான் அந்த மனைவி என்பது மட்டும் வரவில்லை. சொல்ல வாயெடுத்தவள், அவர் மிரண்ட முகத்தை நினைத்து விழுங்கிக்கொண்டாள்.

"வாங்க சார், நான் கொண்டுவந்து விடுறேன்."

தெருவை ஒரு சுற்றுச் சுற்றி அதே வாசலுக்கு அழைத்துவந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏய், தையல்காரி! இங்க வந்து பாரேன்!"

கல்யாணமான புதிதில் கேலியாக வைத்து, அப்படியே நிலைத்துவிட்ட பெயர். அது அவர் வாயில் வந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பின்னால் நின்றவளுக்கு "வந்துட்டேங்க" என்று சொல்ல உயிர் துடித்தது. சொன்னால் அவர் திரும்பிப் பார்ப்பார். பார்த்தால் மாணவிதான் தெரிவாள்.

"எங்கேயோ வெளிய போயிருக்கா போல. வந்துடுவா. நீ கிளம்பும்மா, உன் வீட்டுல தேடுவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே அவர் அறை அறையாக அவளைக் கூப்பிட்டுக்கொண்டு போவது கேட்டது. அவள் படியில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.