கடைமடைக் கைரேகை

குடவாசல் கடைத்தெருவில் இ-சேவை மையம் வைத்திருக்கும் துரைராசு மேடையில் மட்டும் புலி. வாய்க்காலின் கடைக்கோடியில் கிடக்கும் கடைமடை வயல்களுக்கு முதலில் தண்ணீர் விடச் சொல்லி வருடாவருடம் ஆற்றுப்பாலத்தில் மறியல் நடத்தும் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். மேடையை விட்டு இறங்கிவிட்டால், 'முடியாது' என்ற சொல் அவர் வாயில் வராது. கோயில் தர்மகர்த்தா பரணிதரன் தன் பஞ்சாங்க மென்பொருளைக் கொண்டுவந்து அவர் கம்ப்யூட்டரில் ஏற்றினார், சரி என்றார். வியாபாரிகள் தங்கள் செய்திப் பலகையை ஏற்றினார்கள். மைத்துனன் பிரபு கல்யாணத் தகவல் மையத்தை ஏற்றினான். எல்லாவற்றுக்கும் சரிதான். காலையில் பட்டனைத் தட்டினால் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பி முண்டியடிக்கும். நடுவில் எதைத் தொட்டாலும் திரை உறைந்துபோகும்.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் குந்தவை போனிலேயே வழி சொன்னாள்.

"எல்லாம் ஒண்ணா கிளம்புனா அப்படித்தாம்ப்பா. எது முதல்ல, எது எவ்வளவு நேரம் கழிச்சுன்னு பிரிச்சு வச்சிடலாம். வேலைக்கு வேண்டியது முதல்ல வரட்டும்."

கடைசி வாக்கியத்தை மட்டும் துரைராசு காதில் வாங்கவில்லை. திருவிழாவில் பரிவட்டம் கட்டும் வரிசை அவருக்கு அத்துப்படி. அதன்படியே பஞ்சாங்கத்துக்கு முதலிடம் கொடுத்தார். அடுத்தது வியாபாரிகள். பிறகு மைத்துனன், வீட்டில் மனைவி பிரகதாம்பாள் கையால் சோறு சாப்பிட்டாக வேண்டுமே. கைரேகைக் கருவிக்காகக் கோபித்துக்கொள்ள ஆள் இல்லாததால் அது கடைசிக்குப் போனது. அதில் அவர் கட்டைவிரலை வைத்தால்தான் அரசாங்கத் தளமே திறக்கும் என்பது வேறு விஷயம்.

சம்பா பயிர்க் காப்பீட்டின் கடைசி நாளன்று சாயங்காலம் அம்சம் வந்தாள். குத்தகை நிலம். போன வருடம் மழையில் மூழ்கி ஒரு மணி நெல்கூடத் தேறவில்லை. இன்று பதியாமல் போனால், இந்த வருடமும் மழை பெய்து கெடுத்தால் வெறுங்கைதான். கைரேகையின் முறை வந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. திரும்பி வந்ததும் பஞ்சாங்கம் முதலிலிருந்து நல்ல நேரம் சொல்லத் தொடங்கியது.

"அண்ணே, நம்ம வேலை எப்ப வரும்?"

"வரிசைன்னு ஒண்ணு இருக்குல்லம்மா. பெரியவங்களோடது எல்லாம் வந்த பிறகு."

அம்சம் குரலை உயர்த்தவில்லை. "ஆனி மாசம் பாலத்துல உக்காந்து, கடைமடைக்கு மொதல்ல தண்ணி விடுன்னு மைக்குல கத்துனது நீங்கதானே? நானும் வேலையப் போட்டுட்டு வந்து வெயில்ல உக்காந்தேன்."

துரைராசுவுக்கு முகம் செத்துப்போனது. வெட்கம்தான், வேறென்ன. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். திரை தெளிந்த கையோடு, பஞ்சாங்கம் எழுவதற்குள், கைரேகையை முதலிடத்துக்கு இழுத்து மற்றதையெல்லாம் இரண்டு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார். தளம் மூடுவதற்குள் அம்சத்தின் வயல் பதிவானது.

மறுநாள் காலை பரணிதரன் வந்து திரையை உற்றுப் பார்த்தார். "என்னய்யா, பஞ்சாங்கத்தைக் காணோம்?"

"முறை வரும்போது வரும்ங்க."

பரணிதரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அந்த வருடத் திருவிழாவில் துரைராசுவுக்கு வழக்கமாகக் கட்டும் பரிவட்டம் இல்லை. விபூதி வந்தது, ஊரே வாங்கி முடித்த பிறகு. நெற்றி நிறையப் பூசியபடி அம்சம் அவரைக் கடந்து போனாள்.

"கடைமடைக்கு வந்துருச்சாண்ணே?" என்றாள்.