லிப்ட்காரர் வைத்த ஈயம்

ஒருவர் இறந்த பிறகு அவரைப் பற்றி நல்லது பேச ஆட்கள் எங்கிருந்துதான் முளைப்பார்களோ தெரியாது. லிப்ட்காரர் உயிரோடு இருந்தபோது அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திராதவர்கள் எல்லாம், அவர் நினைவாக நடந்த பந்தயத்தன்று காலையிலேயே மைக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார்கள். தங்கமான மனுஷன். கேட்டவருக்கெல்லாம் கைகொடுத்தவர். எத்தனை முறை ஜெயித்தாலும் தலைக்கனம் இல்லாதவர். அந்தக் கடைசி வரியைச் சொல்லாத ஆளே இல்லை.

டீச்சர் இன்னும் பேசவில்லை. பரிசளிப்பின்போதுதான் அவள் முறை. அவளும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வதாக இருந்தாள். கண்ணாடி முன் நின்று மனப்பாடமே செய்து வந்திருந்தாள்.

அவள் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் இடத்தில் வேலை. பழக வருபவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிய, பக்கத்து இருக்கையில் இவள் உட்கார்ந்திருப்பாள். இவள் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. வாரம் முழுக்க மணிக்கு இருபது கிலோமீட்டரில் பிழைப்பை ஓட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பந்தயத் தடத்துக்கு வந்துவிடுவாள்.

அங்கே அவள் கிளப்பில் ஓட்டுவது ஃபார்முலா கார். உடனே டிவியில் பார்ப்பதை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரே இருக்கை, மூடாத தலை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு சக்கரம், அந்தமட்டில் ஒற்றுமை. மற்றபடி இந்த கிளப்பின் கார்கள் எல்லாம் கொட்டகையில் பைப்பை வளைத்துப் பற்றவைத்துச் செய்தவை. குடும்பக் கார் ஒன்று ஓடிக் களைத்து ஒதுக்கப்பட்டால் அதன் எஞ்சின் இங்கே வந்து சேரும். ஒரு செட் டயரை ஒரு வருடம் தேய்க்க வேண்டும். ஓட்டுபவர்களில் மருந்துக்கடைக்காரர் உண்டு, பெயிண்டர் உண்டு, கல்யாண வீடியோ எடுப்பவர் உண்டு. கையில் காசில்லாத, வேகத்தின்மேல் பைத்தியம் பிடித்த கூட்டம்.

இந்தக் கூட்டத்துக்கு அவளைக் கூட்டி வந்தவர்தான் லிப்ட்காரர். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிப்ட் ரிப்பேர் செய்வது அவர் தொழில். ஆனால் லிப்ட்டில் ஏறமாட்டார். எட்டாவது மாடியானாலும் படிதான். ஏன் என்று கேட்டால், "ரிப்பேர் பண்ணது யாருன்னு எனக்குத் தெரியுமே!" என்பார். டீச்சரின் அலுவலகம் இருந்த கட்டடத்தில் லிப்ட் பார்க்க வந்த ஒருநாள், கீழ்த்தளத்தில் இரண்டு தூணுக்கு நடுவே அவள் ஒரே வீச்சில் காரைப் பின்னால் எடுத்து நிறுத்தியதைப் பார்த்துவிட்டார். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"இவ்வளவு கைவாகு இருக்கிறவ ஏன் தங்கச்சி இந்த மாட்டு வண்டி வேகத்துல காலத்தை ஓட்டுற?"

அவளுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. அவர் நான்கைந்து வயது பெரியவர், அவ்வளவுதான். தன் கையாலேயே அவளுக்கு ஒரு கார் செய்துகொடுத்தார். தன் கொட்டகையிலேயே அதை நிறுத்த இடமும் கொடுத்தார். வளைவில் எப்போது பிரேக் அடிப்பது, எப்போது விடுவது, முன்னால் போகிறவரின் தோள் அசைவதை வைத்து அவர் எங்கே தடுமாறப் போகிறார் என்று கண்டுபிடிப்பது எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். முதல் பாடம் அவளுக்கு இன்றும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. "கனம் கூடுச்சுன்னா கார் கிளம்பவும் கிளம்பாது, நிக்கவும் நிக்காது. லிப்ட்டும் அப்படித்தான். கனம்தான் எதிரி தங்கச்சி."

அடுத்த வருடமே அவள் இரண்டாவதாக வந்தாள். அதற்கப்புறமும் இரண்டாவதாகவே வந்தாள். ஒன்பது வருடம். முதலாவதாக வருபவர் எப்போதும் அவர்தான். மற்றவர்கள் எல்லாம் அவள் கண்ணாடியில் புள்ளியாகத் தெரிவார்கள். முன்னால் அவர் கார் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருக்கும், கைக்கு எட்டாது. கடைசி வளைவு முடிந்து நேர்ப்பாதை தொடங்கும் இடத்தில் அவர் கார் சீறிப் போகும், இவள் கார் யோசித்துவிட்டுக் கிளம்பும். கிளப்பில் அவளை 'ரெண்டாம் தாரம்' என்றுகூட ஒருவர் கிண்டல் செய்தார். லிப்ட்காரர் அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து உலுக்கி மன்னிப்புக் கேட்க வைத்தார். அவ்வளவு நல்லவர்.

"நான் எங்கண்ணே தப்பு பண்றேன்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

அவர் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே நிதானமாகச் சொல்வார். "கார்ல ஒரு குறையும் இல்ல. உன் கால்லதான் இன்னும் பயம் இருக்கு தங்கச்சி."

அவள் அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? அவர் சொல்லி எதுவும் பொய்த்ததில்லை. பயந்தாங்கொள்ளிகளை உட்காரவைத்துத் தைரியம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குபவள், தானே ஒரு பயந்தாங்கொள்ளி என்று ஒன்பது வருடம் தன்னைத் திட்டிக்கொண்டாள். ஒருமுறை, பயம் இல்லை என்று காட்டியே தீருவது என்று கடைசி வளைவில் பிரேக்கைத் தாமதமாக மிதித்தாள். கார் நிற்கவில்லை. டயர் அடுக்கிய சுவரில் போய் மோதித் தோள் எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் லிப்ட்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார். "அவசரப்பட்டுட்டியேம்மா," என்று கண் கலங்கினார்.

அதைவிடப் பெரிய அடி ஒன்று உண்டு. பணம் உள்ள ஒரு பெரிய டீமிலிருந்து இரண்டு பேர் அவள் ஓட்டுவதைப் பார்க்க வந்தார்கள். ஒரு நாள் எங்கள் காரை ஓட்டிக் காட்டுங்கள், பிடித்திருந்தால் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவள் ஓடிவந்து அவரிடம்தான் கேட்டாள்.

"இங்கயே என்னை ஜெயிக்க முடியல. அங்க போய் மானம் போகணுமா?" என்றார். "முதல்ல என்னை ஜெயி. நானே கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

அவள் அவர்களிடம் அடுத்த வருடம் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். அடுத்த வருடம் அவர்கள் வரவில்லை. அந்தமாதிரி ஆட்கள் இரண்டாவது முறை வருவதில்லை. இப்போது அவளுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது.

லிப்ட்காரர் போன வருடம் வேலைக்குக் கிளம்ப ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவர், நிமிரவில்லை. மாரடைப்பு. டீச்சர் கூடப்பிறந்த அண்ணன் போனதுபோல அழுதாள்.

இனி நினைவுப் பந்தயத்தின் காலைக்கு வருவோம். கிளப்பில் ஒரு விதி உண்டு. காரும் ஓட்டுபவரும் சேர்ந்து இவ்வளவு கிலோவுக்குக் குறையக் கூடாது. ஒல்லியான ஆளுக்கு அனுகூலம் கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக. எடை குறைந்தவர்கள் இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டியில் ஈயக்கட்டி வைத்து ஈடுகட்ட வேண்டும். பிறகு யாரும் அதைக் கழற்றிவிடாதபடி எடை பார்ப்பவர் பெட்டிக்குக் கம்பி கட்டி சீல் வைத்துவிடுவார். சீலைத் தொட்டால் அந்த வருடம் முழுக்க ஓட்ட முடியாது. கிளப்பில் எடை பார்ப்பவராக இருந்தது லிப்ட்காரர். தராசும் அவருடையது, எண்ணைப் படிப்பதும் அவர்தான், ஈயம் வைப்பதும் அவர்தான். வேறு யாருக்கும் அந்த வேலைக்குப் பொறுமை கிடையாது.

அவர் போன பிறகு அந்த வேலை மருந்துக்கடைக்காரர் தலையில் விழுந்தது. அவர் புதுத் தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். டீச்சர் காரில் உட்கார்ந்ததும் எண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன டீச்சர், அண்ணன் போன துக்கத்துல சாப்பாடு கூடிப்போச்சா? பதினாலு கிலோ அதிகம் காட்டுது."

"தராசு தப்பா இருக்கும்."

மறுபடி பார்த்தார். அதே பதினாலு. தன் காரை ஏற்றிப் பார்த்தார், சரியாக இருந்தது. பெயிண்டரின் கார், அதுவும் சரி. மருந்துக்கடைக்காரரின் சிரிப்பு போய்விட்டது. கட்டிங் பிளேயரை எடுத்து, பழைய சீல் கம்பியை அவரே வெட்டினார்.

மேலே அவள் அறிந்த ஈயக்கட்டிகள் இருந்தன. அதற்கு அடியில் ஒரு தகடு. தகட்டைத் தூக்கினால் இன்னும் நான்கு கட்டிகள். பெட்டியின் அளவுக்குக் கச்சிதமாக வார்த்து, ஓரத்தை அரத்தால் ராவி, குலுங்கிச் சத்தம் வராமல் இருக்க ஒவ்வொன்றையும் பழைய பனியன் துணியில் சுற்றி வைத்திருந்தது. கைத்தவறு இப்படி இருக்காது. அந்த ராவலைப் பார்த்தாலே யார் கை என்று அவளுக்குத் தெரியும். அவர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.

ஒன்பது வருடமாக ஒரு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓட்டப்பந்தயம் ஓடியிருக்கிறாள். அதுவும் எதிரியே ஏற்றிவிட்ட குழந்தை.

"விதிப்படி பார்த்தா..." என்று மருந்துக்கடைக்காரர் மென்று விழுங்கினார். "எடை குறைஞ்சாதான் தப்பு டீச்சர். கூடுனா தப்புன்னு எங்கயும் இல்ல. செத்துப்போன மனுஷன். இன்னைக்கு நாளும் அவரோடது. எடுத்து ஓரமா வச்சுட்டு ஓட்டுங்க. நமக்குள்ள இருக்கட்டும்."

அந்தத் தோள் எலும்பு, அந்த ஆரஞ்சுச் சுளை, 'கால்ல பயம்', எல்லாம் ஒன்றாக அவள் நினைவுக்கு வந்தன. பழக வருபவர்கள் காரில் அவள் காலடியிலும் பிரேக் இருக்கிறது. லைசென்ஸ் தேர்வன்று அவள் அதிலிருந்து காலை எடுத்துவிடுவாள். இந்த ஆள் ஒருநாள்கூட எடுக்கவில்லை.

நான்கு கட்டிகளையும் தன் பைக்குள் போட்டாள். மருந்துக்கடைக்காரர் புதிதாக சீல் வைத்தார்.

அவள் ஜெயித்தாள். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. லிப்ட்காரர் இல்லாத தடத்தில் அவள் முதலாவதாக வருவாள் என்பது டீ விற்பவருக்குக்கூடத் தெரியும். ஆனால் தடத்தின் ஓரத்தில் ஒரு பலகை உண்டு. மிகக் குறைந்த நேரத்தில் ஒரு சுற்று முடித்தவர் என்று ஆறு வருடமாக அதில் லிப்ட்காரரின் பெயர் இருக்கிறது. மூன்றாவது சுற்றிலேயே அவள் அதை உடைத்தாள். ஐந்தாவதில் மறுபடி உடைத்தாள். கடைசி வளைவிலிருந்து கார் யோசிக்காமல் பாய்ந்தபோது ஹெல்மெட்டுக்குள் சத்தமாக அழுதாள். அது சந்தோஷ அழுகை இல்லை. இத்தனை வருடமும் இந்தக் கால்தான் இருந்தது, இதே கால்தான்.

கூட்டம் கைதட்டித் தீர்த்தது. குருவை மிஞ்சிய சிஷ்யை என்றார்கள். மேலேயிருந்து ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்றார்கள். மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்த வரிகளில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஓட்டச் சொல்லிக் கொடுத்தது அவர்தான்," என்றாள். அது உண்மை. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்து இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

கோப்பையைக் கொடுத்தது லிப்ட்காரரின் மனைவி. கூட்டம் கலைந்த பிறகு ஷாமியானாவுக்கு அடியில் அண்ணி தனியாக உட்கார்ந்திருந்தாள். டீச்சர் பக்கத்தில் போய்ப் பையைத் திறந்து ஒரு கட்டியை எடுத்து நாற்காலியில் வைத்தாள்.

"இது என்னன்னு தெரியுதா அண்ணி?"

அண்ணி பனியன் துணியைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு கட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதை எங்க வீட்டு அடுப்புலதான் காய்ச்சினார். வீடெல்லாம் நாத்தம். ஒரு நல்ல பாத்திரம் போச்சு. யாருக்குன்னு கேட்டேன். தங்கச்சிக்கு, அவ ரொம்ப வேகமா போறா, அடிபட்டுக்குவா, கொஞ்சம் கனம் வச்சா பத்திரமா இருப்பான்னார்." அவள் டீச்சரின் முகத்தையே பார்த்தாள். "உன் நல்லதுக்குத்தானேம்மா பண்ணார்?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கணவனை இழந்தவள். ஒரு 'ஆமாம்' சொன்னால் என்ன குறைந்துவிடும்? டீச்சர் வாயைத் திறந்தாள். கனம் கூடினால் கார் நிற்காது என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தவர் அவர்.

"இல்ல அண்ணி."

அண்ணி அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. கட்டியை மறுபடி துணியில் சுற்றினாள்.

"ஜெயிச்சுட்டு வீட்டுக்கு வர்ற அன்னைக்கெல்லாம் மனுஷன் முகம் செத்துப்போய் இருக்கும். கோப்பையை அலமாரில வைக்கக்கூட மாட்டார், கட்டிலுக்கு அடியில தள்ளிவிட்டுருவார். எல்லாரும் அடக்கம்னாங்க. நானும் அடக்கம்னுதான் நினைச்சேன்."

டீச்சர் கோப்பையை அவள் மடியில் வைத்தாள். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணி."

ஈயக்கட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தாள். வாசலில் மருந்துக்கடைக்காரர் பையின் தொய்வைப் பார்த்து, "இதை எதுக்கு டீச்சர் சுமக்குறீங்க? கொடுங்க, பழைய சாமான் கடையில போட்டுடுறேன்," என்று கையை நீட்டினார்.

"வேண்டாம்," என்றாள். "நான் அவரை விட வேகமா போவேன்னு அவருக்குத் தெரியும். அதுக்குச் சாட்சியா என்கிட்ட இது மட்டும்தான் இருக்கு."