சுவரில் ஒட்டிய ஒன்பது பொட்டுகள்

ஜெர்சி சிட்டியில் நாங்கள் வாங்கிய மர வீட்டுக்கு நூறு வயதுக்கு மேல். சுவர்களுக்குள் ஒன்றுமே கிடையாது, வெறும் காற்று. போன குளிர்காலம் முழுக்க மகள் தன் அறையில் படுக்க முடியாமல் ஹால் சோபாவில் ஜாக்கெட்டோடு தூங்கினாள். அதனால்தான் இந்த வருஷம் இன்சுலேஷன் போட ஆளைக் கூப்பிட்டோம். அவர் உள்பக்கச் சுவரில் வரிசையாக ஓட்டை போட்டு, குழாய் வழியாகக் காகிதத் தூளை ஊதி நிரப்பினார். மறுநாள் வந்து ஓட்டைகளை அடைத்துப் பூசிவிட்டால் வேலை முடிந்தது.

அவர் போனதும் மகளின் கட்டிலை ஒட்டிய சுவரைத் தட்டிப் பார்த்தேன். மேலே மொத்தென்றது. இடுப்புக்குக் கீழே டொக் டொக் என்றது. அவள் படுக்கும் உயரத்தில் அத்தனையும் காலி.

"காலைல நீங்க இருந்து சொல்லிட்டுப் போங்களேன்" என்றேன் கணவரிடம்.

"எனக்கு மீட்டிங் இருக்கு. ரெண்டு வார்த்தைதானே, நீயே சொல்லு."

"அம்மா, ஜஸ்ட் டெல் ஹிம். ஹீ வோன்ட் பைட்" என்றாள் மகள்.

கடிக்க மாட்டார்தான். திருப்பி ஏதாவது கேட்பாரே, அதற்கு யார் பதில் சொல்வது? எனக்கு முன்பின் தெரியாதவரிடம் தமிழில் பேசவே நாக்கு எழாது. யோசித்து, காலியாக ஒலித்த இடங்களில் எல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்தேன். ஒன்பது. பார்த்தாலே புரிந்துவிடும் என்று நம்பினேன்.

காலையில் அவரை உள்ளே விட்டுவிட்டு அடுப்படியில் ஒளிந்துகொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், மேலே ஓட்டைகளை எல்லாம் பூசிவிட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். பொட்டுகள் அப்படியே இருந்தன. ஒன்றின்மேல் தெறித்த பூச்சைக்கூட ஈரத் துணியால் துடைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கை கூப்பி, உங்கள் பூஜை எதையும் நான் தொடவில்லை என்றார் ஆங்கிலத்தில்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"நோ பூஜை" என்றேன். "எம்ப்டி." குனிந்து ஒவ்வொரு பொட்டின்மேலும் தட்டிக் காட்டினேன்.

அவரும் மண்டியிட்டுத் தட்டினார். உள்ளே குறுக்கே ஒரு கட்டை இருக்க வேண்டும், தூள் அதற்குமேலேயே நின்றுவிட்டது என்றார். காலையில் வந்ததுமே சொல்லியிருக்கலாமே என்றும் கேட்டார்.

"யெஸ்" என்றேன்.

வேனிலிருந்து மெஷினை மறுபடி இறக்கி, கீழே புதிதாக ஓட்டை போட்டு ஊதினார். பூசுவதற்குக் கரண்டியை எடுத்தபோது, "வெயிட்" என்று சொல்லிவிட்டு, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நானே தட்டிப் பார்த்தேன். அவர் கரண்டியோடு காத்திருந்தார்.