இருபத்து மூன்றாம் எண் ஜெர்சி

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மணி மூன்று பத்து. முதலில் கண்ணில் பட்டது ஒரு ஷூ லேஸ். இந்தியப் பெண்கள் ரக்பி அணியின் இருபத்து மூன்றாம் எண் ஜெர்சி போட்டிருந்த பெண், நன்றாகக் கட்டியிருந்த லேஸை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தாள். கேமரா அவள்மேல் இரண்டு விநாடி நின்றுவிட்டு மைதானத்துக்குப் போய்விட்டது.

"பாத்தியா சார், எம் பொண்ணு!" என்றார் மீன்கார அக்கா.

என் போன் அவருடைய தெர்மோகோல் பெட்டிமேல் சாய்ந்து நின்றிருந்தது. இடம், ஊரப்பாக்கம் ஸ்டேஷன் சாலை. அவர் கையில் சாம்பலும் செதிலும் ஒட்டியிருந்ததால் போனைத் தொடும் வேலை என்னுடையது. கேளம்பாக்கத்துக்கு அப்பால் கடலோரக் குப்பத்தில் வீடு. விடிகாலை ஏலத்தில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவில் வண்டலூர் சாலை வழியாக வந்து எட்டு மணிக்குக் கடை போடுவார். அந்த நேரத்தில் மிச்சமிருந்தவை கொஞ்சம் நெத்திலியும் இரண்டு சங்கராவும்தான்.

மூன்றாவது ரசிகர் பி.டி. மாஸ்டர். தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். இந்தப் பெண்ணுக்கு ரக்பி சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். பள்ளிக்கு யாரோ தானமாகக் கொடுத்த நான்கு பந்துகளும் நீள்வட்டமாக இருந்ததுதான் அதற்குக் காரணம் என்று அவரே ஒப்புக்கொள்வார். சர்ச் ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, முழுக்கை வெள்ளைச் சட்டையை மாற்றாமல் வந்திருந்தார். மீன் வாடை பட்டுவிடக் கூடாது என்று ஒரு முழம் தள்ளியே நின்றார்.

நேரலையின் மூலையில், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண்ணிக்கை ஓடும். அன்று அறுபத்தொன்று. நாங்கள் மூவரும் சேர்ந்து அதில் ஒன்று.

நான் முப்பது ஆண்டுகள் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் உதவி ஆசிரியராக இருந்தேன். அத்தனை ஆண்டுகளில் ரக்பிக்கு நான் ஒதுக்கிய அதிகபட்ச இடம் நான்கு வரி. அதுவும் கிரிக்கெட் மழையால் நின்ற நாளில். ஓய்வுக்குப் பிறகு அதே பத்திரிகையின் புறநகர்ப் பக்கத்துக்குச் சில்லறைச் செய்திகள் எழுதித் தருகிறேன். மீன் வாங்கப் போய்த்தான் ரக்பி ரசிகனானேன். தோற்கும் அணிக்கு ரசிகனாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. யாரும் நம்மோடு வாக்குவாதத்துக்கு வருவதில்லை.

அணி வெளிநாட்டில் மூன்று ஆட்டங்கள் ஆடப் போயிருந்தது. அன்று நடந்தது மூன்றாவது. முதல் ஆட்டத்தில் எதிரணியின் கணக்கு கிரிக்கெட் ஸ்கோர்போலவும் நம்முடையது கால்பந்து ஸ்கோர்போலவும் இருந்தது. இரண்டாவதில் கடைசி உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியதால் தோற்றோம். பி.டி. மாஸ்டர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று சொன்னார். சாப்பிட்டார் என்று அவர் மனைவி சொன்னார்.

இரண்டு ஆட்டங்களிலும் இருபத்து மூன்றாம் எண் பெஞ்சில்தான் இருந்தது. களத்தில் பதினைந்து பேர், பெஞ்சில் எட்டு பேர், அந்த எட்டில் கடைசி எண் அவளுடையது. இதில்தான் சிக்கல். விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலைக்கு அவள் மனுப் போட வேண்டும். நாட்டுக்காகக் களத்தில் ஆடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஒரே ஒரு ஆட்டம், அதில் ஒரே ஒரு நிமிடம் போதும். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தது கணக்கில் வராது. வயது வரம்பின்படி அவளுக்கு இதுதான் கடைசி ஆண்டு.

"இன்னா சார், இன்னிக்காவது எறக்குவானுங்களா? ஏரோப்பிளேன்ல இட்டுனு போயி குந்த வெச்சிகீறானுங்க. குந்தறதுக்கு எங்க குப்பத்துல எடமில்லியா?"

"கோச்சுக்கு ஒரு திட்டம் இருக்கும் அக்கா," என்றார் பி.டி. மாஸ்டர்.

"மூணு மேட்ச்சா அதே திட்டமா மாஸ்டரு?"

ரக்பியை அக்கா புரிந்துகொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். பந்தோடு முன்னால் ஓடலாம், ஆனால் கையால் போடுவதென்றால் பின்னால் இருப்பவருக்குத்தான் போட வேண்டும் என்று மாஸ்டர் முதல் நாள் விளக்கியபோது நான் திணறினேன். அக்கா திணறவில்லை. "கரையில நின்னு கரவலை இழுக்கற மாதிரி. பின்னாடி நடந்தாதான் மீனு முன்னாடி வரும்," என்றார். முப்பது ஆண்டில் ரக்பிபற்றி என் மேசைக்கு வந்த எந்தச் செய்தியும் இவ்வளவு தெளிவாக இல்லை.

மூன்றாவது ஆட்டத்தில் இந்தியா ஆச்சரியமாக முன்னிலையில் இருந்தது. அதுவே எங்களுக்குக் கவலை. ஜெயிக்கிற அணி பெஞ்சைத் தொடாது. யாருக்காவது அடிபட்டால்தான் உண்டு.

"மாஸ்டரு, ஒரு ஜெபம் பண்ணேன்."

"யாருக்கும் அடிபடணும்னு ஜெபம் பண்ண முடியாது அக்கா."

"பெரிசா வேணாம். லேசா."

மாஸ்டர் கண்ணை மூடினார். எதற்கு மூடினார் என்று நான் கேட்கவில்லை.

எழுபதாவது நிமிடம். அவள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு எல்லைக்கோட்டருகே வந்து நின்றாள். அதிகாரி ஒருவர் அவளுடைய ஷூவின் அடிப்பாகத்தைச் சோதித்தார். அவள் ஒரு காலில் நின்று மற்றொரு காலைத் தூக்கிக் காட்டிய நிலையில் படம் உறைந்தது. சக்கரம் சுற்றியது. அறுபத்தொன்று அப்படியே நின்றது. நான் போனை வானத்துக்குத் தூக்கிக் காட்டினேன், பூக்கடைப் பக்கம் போனேன், ரயில்வே கேட்வரை நடந்தேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது.

புறநகர்ப் பக்கம் மாலை ஐந்து மணிக்கு முடிந்துவிடும். ஆட்டம் முடியுமுன்பே செய்தியை எழுதி வைப்பது எங்கள் தொழிலில் பழைய பழக்கம். வென்றால் ஒன்று, தோற்றால் ஒன்று என்று இரண்டு முதல் வரிகள் தயாராக இருக்கும். முடிவு தெரிந்ததும் ஒன்றை அடித்து நீக்கிவிடுவோம். அன்றும் அப்படியே இரண்டு முதல் வரிகள் எழுதியிருந்தேன். நான்கு ஐம்பதுக்கு, இந்தியா வென்றது என்ற முடிவு மட்டும் இணையத்தில் கிடைத்தது. தோற்ற வரியை அடித்தேன். ஆனால் மூன்றாவது வரிக்கு என்னிடம் ஒரே ஒரு வடிவம்தான் இருந்தது: "கடைசி நிமிடங்களில் மாற்று வீராங்கனையாகக் களமிறங்கினார்." அனுப்பிவிட்டேன்.

திங்கள்கிழமை வெளிவந்தது. முப்பது ஆண்டுகளில் நான் எழுதிய எதையும் யாரும் லேமினேஷன் செய்ததில்லை. செவ்வாய்க்கிழமை காலை அந்தச் செய்தி மீன் பெட்டியின் முகப்பில், தண்ணீர் படாமல், நாலு பக்கமும் டேப் ஒட்டித் தொங்கியது. மறைமலை நகர் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்பவர்களெல்லாம் படித்தார்கள். இரண்டு பேர் மீனும் வாங்கினார்கள்.

வியாழக்கிழமை அவள் ஊர் திரும்பினாள். நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முழங்கையில் காயம் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும்.

"சார், மேட்ச் நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேனே."

"எத்தன நிமிஷம்?"

"எழுபது."

"மீதி பத்து?"

"எழுதினேன்."

அவள் சிரிக்கவில்லை. நடந்தது இதுதான்: அவள் ஷூவைக் காட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் இரண்டு அணியும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்கிரமில் முன்வரிசையில் நிற்கும் பெண் ஒருத்தி முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறாள். அந்த இடத்துக்கு அதற்கென்று பழகியவர்தான் போக முடியும். இவளை உட்காரச் சொல்லிவிட்டார்கள். மறுபடி எழுப்பவில்லை.

"நான் எறங்கல சார். டீம் குரூப்ல எவளோ உங்க நியூஸ போட்டுட்டா. இப்ப எல்லாரும் என்ன 'களமிறங்கினார்'னுதான் கூப்புடுறாளுங்க. மறுப்பு போடுங்க."

"உன் அப்ளிகேஷனுக்கு..."

"பொய்ய வெச்சி அப்ளிகேஷன் போட்டா உள்ள போடுவாங்க சார்."

சேதி கேட்டு அக்கா அன்று கடையை விட்டுவிட்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"பேப்பர்லியே வந்துட்சி. அப்பறம் இன்னாத்துக்குடி இல்லன்ற? நாங்கூடதான் ஐஸ்ல கெடக்கற மீன இன்னிக்கு புடிச்சதுன்றேன். எவனாவது கேட்டானா?"

"அதாம்மா பாதி பேரு வாங்க மாட்றான்."

"சார், நீ சொல்லு. அச்சடிச்சது அச்சடிச்சதா இருக்கட்டுமே. ஒனக்கு இன்னா நஷ்டம்?"

எனக்கு என்ன நஷ்டம் என்று யோசித்தேன். முப்பது ஆண்டுகளாகப் பிறர் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன் நான். மறுப்பு அடுத்த திங்கள்கிழமை மூன்று வரியில் வந்தது. 'தவறுக்கு வருந்துகிறோம்' என்பது மூன்றாவது வரி. அக்கா லேமினேஷனைக் கழற்றவில்லை, திருப்பி மாட்டிவைத்தார். பின்பக்கத்தில் ஒரு மனை விளம்பரம் இருந்தது. அடுத்த இரண்டு வாரம் எனக்குக் கொடுத்த கானாங்கெளுத்தி, ஐஸில் குறைந்தது நாலு நாள் இருந்தவை. நானும் எதுவும் கேட்கவில்லை.

மனுவுக்குக் கடைசி நாள் வருமுன் அணிக்கு ஒரே ஒரு ஆட்டம் மீதமிருந்தது. அதே இருபத்து மூன்றாம் எண். மறுபடி ஞாயிறு, பிற்பகல் இரண்டரை மணி ஆட்டம், அதே தெர்மோகோல் பெட்டி. இம்முறை நான் இரண்டு நிறுவனங்களின் சிம் கார்டுகள் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அக்கா என்னோடு பேசவில்லை, போனோடு மட்டும் பேசினார்.

அறுபத்தெட்டாவது நிமிடத்தில் நம் பெண் ஒருத்தியின் மூக்கில் எதிரணிக்காரியின் தோள் பட்டது. ரத்தம் வந்தது. ரக்பியில் ரத்தத்தோடு ஆட விடமாட்டார்கள். கட்டுப் போட்டுக்கொண்டு வரும்வரை வேறொருவர் தற்காலிகமாக ஆடலாம்.

"ரத்தம்! ரத்தம் சார்! நல்லா வருது!" அக்கா எழுந்து நின்று கத்தினார். சங்கரா வாங்க நின்றிருந்த பெண்மணி பையோடு இரண்டடி பின்வாங்கினார்.

பி.டி. மாஸ்டர் கண்ணைத் திறந்தார்.

இருபத்து மூன்றாம் எண் எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே ஓடியது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அக்கா அழுதார், சாம்பல் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு நிமிடம் நாற்பது விநாடி எல்லாம் சரியாக இருந்தது. பிறகு எதிரணிக்காரி ஒருத்தி பந்தோடு இவள் பக்கம் வந்தாள். மூன்று ஆட்டங்கள் பெஞ்சில் தேக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து இவள் போய்ப் பிடித்தாள். இடுப்பைப் பிடிக்க வேண்டும். இவள் பிடித்தது கழுத்தை.

நடுவர் மஞ்சள் அட்டையைத் தூக்கினார்.

"இன்னா சார் அது, பரிசா?" அக்கா கோபத்தை மறந்து என்னிடம் கேட்டார்.

நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் ரயில் வருகிறதா என்று பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "பத்து நிமிஷம் வெளிய உக்காரணும் அக்கா."

"அதான் இத்தினி நாளா குந்திகினுதான இருந்தா!"

மூக்கில் கட்டோடு அந்த மற்றொரு பெண் எல்லைக்கோட்டில் தயாராக நின்றாள். ஆனால் விதிப்படி இவளுடைய தண்டனை முடியும்வரை அவளும் உள்ளே வர முடியாது. பதினான்கு பேரோடு ஆடி, அந்தப் பத்து நிமிடத்தில் இந்தியா தோற்றது. இவள் தனி நாற்காலியில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்து அரைமணி நேரத்துக்கு எங்களில் யாருக்கும் ஒன்று தெரியவில்லை: தற்காலிகமாக இறங்கியது கணக்கில் வருமா? மாஸ்டர் அணி மேலாளருக்கு போன் போட்டார். மூன்றாம் முறை எடுத்தார்கள். மாஸ்டர் "சரி சார், சரி சார்" என்று ஆறு முறை சொன்னார். அக்கா அவருடைய வெள்ளைச் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விலகவில்லை.

"எறங்கினா எறங்கினதுதானாம் அக்கா. சர்ட்டிபிகேட் கொடுக்கறாங்க. மஞ்ச அட்டையும் அதே ரெக்கார்டுலதான் இருக்குமாம்."

"இருக்கட்டுமே. அடிச்சாதான அவ ஆடினான்னு தெரியும்."

மிச்சமிருந்த சங்கரா இரண்டையும் என் பையில் போட்டார். அன்றைக்குப் பிடித்தவை. காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார்.

அந்தப் பெட்டியருகிலேயே நின்று செய்தி எழுதினேன். எண்பது நிமிடமும் பார்த்து எழுதியது. களமிறங்கிய நிமிடம், வெளியேறிய நிமிடம், அட்டையின் நிறம், மேலாளரின் உறுதிமொழி எல்லாம் இருந்தன. ஒரு வரியைக்கூட முன்னால் எழுதி வைக்கவில்லை. ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் முன்னதாக அனுப்பினேன்.

மனு சர்ட்டிபிகேட் நகலோடு புதன்கிழமை பதிவுத் தபாலில் போனது.

என் செய்தி வர வேண்டிய திங்கள்கிழமை, புறநகர்ப் பக்கத்தில் அது இருக்க வேண்டிய இடத்தில் அரைப் பக்க மனை விளம்பரம் வந்திருந்தது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து பத்தே நிமிடம்.