எனக்கு நானே கொடுத்த கடுக்காய்

கல்வராயன் மலையிலிருந்து தலையில் மூட்டையுடன் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால் பஸ் இல்லை. செங்கல் சூளை வேலையை உதறிவிட்டு, கடுக்காய் வியாபாரியாகிவிடும் நினைப்பில் நான்கு நாள் காட்டில் பொறுக்கிய மூட்டை அது.

கள்ளக்குறிச்சியில் நாட்டு மருந்துக் கடைக்காரர் அதைப் பிரித்துப் பார்த்தார்.

"கடுக்காய்ல வரிவரியா இருக்கும்பா. இது உருண்டையா கீதே, தான்றிக்காய். எங்கிட்டயே மூணு மூட்டை விக்காம கெடக்குது. யாரு குடுத்தது?"

"நானே பொறுக்கினதுங்க."

"அப்ப உனக்கு நீயே கடுக்கா குடுத்துக்கினியா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்தச் சரக்கானாலும் விவரம் தெரிந்தவரிடம் ஒன்றைக் காட்டிக் கேட்ட பிறகுதான் மூட்டை கட்டுகிறேன்.

கடைக்காரரே வரச் சொன்னதால், மறுநாள் காலை அதே கடையில் அசல் கடுக்காயைத் தட்டிக் கொட்டை நீக்கும் வேலைக்கு உட்கார்ந்தேன்.