ஐம்பது கேபிக்குள் ஒரு முகம்

போட்டோ எடுப்பது ஒரு தொழில், எடுத்த போட்டோவைச் சின்னதாக்குவது இன்னொரு தொழில், முதலாவதைச் செய்கிறவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள், இரண்டாவதைச் செய்கிற என்னிடம் "இன்னுமா ஆகல?" என்று மட்டும் கேட்பார்கள்.

மந்தாரக்குப்பத்தில் ஒரு டீக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அவர் தோண்டுகிறார், நான் சுருக்குகிறேன். என்ன விண்ணப்பமானாலும் ஏறக்குறைய ஒரே சட்டம்தான்: போட்டோ இருபது கேபிக்குக் குறையக் கூடாது, ஐம்பதைத் தாண்டக் கூடாது. இன்றைய போன்களோ ஒரு தட்டுக்கு ஐந்து எம்பி, ஐயாயிரம் கேபி, எடுக்கின்றன. அதாவது நூறு பங்கில் தொண்ணூற்றொன்பதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சம் இருக்கிற ஒரு பங்கில் ஆள் யாரென்று தெரியும்படி செய்ய வேண்டும். இதற்கென்று இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறேன். நீங்களும் வீட்டில் ஒருமுறை முயன்று, கோப்பு பெரிதாக இருக்கிறது என்று சிவப்பு எழுத்தில் திட்டு வாங்கியவர் என்றால், நாம் சொந்தக்காரர்கள். மேலே படியுங்கள்.

முந்திரித் தோப்பில் ஒரு புள்ளி

குள்ளஞ்சாவடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். சத்துணவுக்கூட உதவியாளர் வேலைக்கு விண்ணப்பம். போனில் அவர் போட்டோவைப் பார்த்துவிட்டு, "போட்டோ ரொம்பப் பெருசா இருக்குதுங்க, சின்னது பண்ணணும். கரண்ட் வரட்டும், உட்காருங்க" என்றேன். சொல்லிவிட்டு அடுத்த ஆளின் சாதிச் சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் அம்மாவைக் காணோம்.

மறுநாள் சந்தோஷமாக வந்து போனை நீட்டினார். ஒரு பெரிய முந்திரித் தோப்பு. நிறைய ஆகாயம். ஒரு மாடு. கடைசி மரத்துக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு புள்ளி. பெரிதாக்கிப் பார்த்தேன், அவர்தான், பட்டுப்புடவையில் விறைப்பாக நின்றிருந்தார். போட்டோவின் அளவு ஆறு எம்பி. முந்தின நாள் போட்டோவைவிட ஒன்று கூடுதல். இதுவும் பெரிதுதான் என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"இன்னும் எம்மாந் தூரம்மா போயி நிக்கறது? அதுக்கு அப்பால வேலி போட்டுகினு இருக்கான்."

ஏற்று, இறக்கு

குறைப்பது மட்டும்தான் கஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள். சுரங்கத்தில் மெக்கானிக்காக இருக்கும் ஒருவர் தன் மகளுக்கு விண்ணப்பம் போட வந்தார். வேறெங்கோ யாரோ அந்தப் போட்டோவை ஆசைதீரச் சுருக்கி எட்டு கேபி ஆக்கியிருந்தார்கள். ஏற்றினால், கோப்பு சிறிதாக இருக்கிறது என்றது விண்ணப்பத் தளம். இருபதுக்கு ஏற்ற வேண்டும் என்று நான் விளக்கினேன். முதல் ஷிப்ட் முடித்து நேராக வந்திருந்தார்; சட்டைக் காலரில் இன்னும் கரித்தூள் ஒட்டியிருந்தது. திரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே சொன்னார்:

"நேத்து கொறைங்கறான், இன்னிக்கி ஏத்துங்கறான். இவனும் நம்ம சுரங்கத்து ஆபீசரு எவனோ ஒருத்தன்கிட்டதான் ட்ரெய்னிங் எடுத்துருக்கான்."

அஞ்சலையின் கையெழுத்து

டவுன்ஷிப்பில் துப்புரவு வேலை செய்கிற அஞ்சலைக்கு நலவாரிய அட்டை வேண்டும். வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னேன். இத்தனை நாளும் கைநாட்டுத்தான் வைத்துவந்தாராம். மகள் நான்கு மாதமாகச் சொல்லிக் கொடுத்து, இப்போதுதான் பெயர் எழுத வருகிறதாம். பேனாவை உளி மாதிரிப் பிடித்துக்கொண்டு எழுதினார். 'அ' ஒன்றே உள்ளங்கை அளவுக்கு வந்தது. 'ஞ்ச'வில் கொஞ்சம் நின்றார். 'லை' தாளின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. எழுதி முடித்து நிமிர்ந்தபோது, நெற்றியில் வியர்வை.

வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். அவசரமாகப் படம் பிடித்து, ஓரம் வெட்டி, பத்து கேபிக்கு இறக்கி, அதன் பெட்டிக்குள் உட்கார வைத்தேன். திரையில் அது எறும்பு ஊர்ந்த தடம் போலத் தெரிந்தது. அஞ்சலை குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவர் பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"நாலு மாசம் கஷ்டப்பட்டுப் பெருசாத்தான போட்டேன். உனக்கு இன்னாம்மா கோவம்?"

ஒயரைப் பிடுங்கிய பிறகு

ஓய்வு பெற்ற ஓர் ஃபோர்மேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கேயே வீடு வாங்கிக்கொண்டவர். இலவச மென்பொருள் என்றதுமே நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "சும்மா குடுக்கறவன் எதையாவது எடுத்துக்காம இருக்க மாட்டான். என் மூஞ்சி எங்கெல்லாம் போவும்னு சொல்லு" என்று பிடித்துக்கொண்டார். பொறுமையாக விளக்கிப் பார்த்தேன். இது கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடுவது, எங்கேயும் போகாது என்றேன். அவர் நம்பவில்லை. கடைசியில் இணைய ஒயரைப் பிடுங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, அவர் கண் முன்னாலேயே போட்டோவைச் சுருக்கிக் காட்டினேன். நாற்பத்திரண்டு கேபி.

அவர் ஒயரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

"ஒயரைப் புடுங்கினப்புறமும் வேலை செய்யுதுன்னா, இது கான்ட்ராக்ட்டும்மா. என்னை மாதிரி பர்மனென்ட்டா இருந்தா, அப்பவே டீ குடிக்கப் போயிருக்கும்."

அகன்ற முகம்

இது என் தப்பு. மறைக்கவில்லை.

கலைவாணி என்று ஒரு பெண். அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் முந்திரி. வயது வரம்பு முடிகிற வருஷம். நர்ஸ் பரீட்சைக்கு அதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. விண்ணப்பத்துக்கும் அன்றுதான் கடைசி நாள். கடை வாசல் வரை கூட்டம். அந்த மென்பொருளில் நீளத்தையும் அகலத்தையும் சேர்த்துக் கட்டுகிற ஒரு சங்கிலிப் படம் உண்டு. அது மாட்டியிருந்தால், ஒன்றைக் குறைக்கும்போது மற்றதும் கூடவே குறையும். கழன்றிருந்தால், இழுத்த பக்கமெல்லாம் முகம் போகும். அன்றைக்கு அது கழன்றிருந்தது. நான் கேபியைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து ஹால் டிக்கெட் எடுக்க வந்தாள். பிரின்டரிலிருந்து மெல்ல மெல்ல வெளியே வந்தது ஒரு முகம்: காதுக்குக் காது அகன்று, நெற்றி நசுங்கி, யாரோ தலைமேல் உட்கார்ந்த மாதிரி. அந்தப் பெண்ணின் முகமோ வெற்றிலை போல நீளம். அவள் தாளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். உதவி எண்ணுக்கு அன்று முழுக்க முயன்றேன், யாரும் எடுக்கவில்லை.

பரீட்சையன்று கடையைப் பூட்டிவிட்டு அவளோடு நானும் கடலூருக்கு பஸ் ஏறினேன். திருத்தாத போட்டோ நான்கு பிரதி, அடையாள அட்டை, நடந்ததை எழுதி நான் கையெழுத்துப் போட்ட கடிதம், எல்லாம் ஒரு உறையில். வாசலில் கண்ணாடி போட்ட ஒரு சூப்பர்வைசர் அம்மா. ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். கலைவாணியைப் பார்த்தார். மறுபடி ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். "தப்பு என்னோடதுங்க மேடம், பொண்ணு மேல இல்ல" என்று நான் கம்பிக்கு வெளியே நின்றபடி கத்தினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடையாள அட்டையை வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"அடையாள அட்டையில இருக்கறதுக்கு இது எவ்வளவோ தேவல. போம்மா உள்ள."

(அவள் இப்போது பண்ருட்டிப் பக்கம் வேலை பார்க்கிறாள். போட்டோ வேலை எதற்கும் என் கடைக்கு வருவதில்லை.)

வெட்டிய பக்கம்

சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் கான்ட்ராக்ட்டாக இருக்கிறவர் செல்வராசு. அவர் மனைவி மலர் போன வருஷம் என்னிடம் வந்து கிளார்க் வேலைக்கு விண்ணப்பம் போட்டவர். சிரித்த முகம், கேள்வி நிறையக் கேட்பார். வேலை கிடைக்கவில்லை. இந்த வருஷம், மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டார். பதினாறாம் நாளுக்கு அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டும். மலரின் போன் எப்போதோ தண்ணீரில் விழுந்து கெட்டிருந்தது. வீட்டில் இருந்தது அந்த விண்ணப்பத்தின் பிரதி மட்டும்; அதை எடுத்துக்கொண்டு செல்வராசு கடைக்கு வந்தார். அதிலிருந்த எண்ணைப் போட்டு விண்ணப்பத்தைத் திறந்தேன், போட்டோ முப்பத்தெட்டு கேபி. நான் செய்தது.

அதைப் பெரிதாக்கினேன். முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. இன்னும் பெரிதாக்கினால் கண் எது, பொட்டு எது என்றே தெரியவில்லை. சுருக்கினதைத் திரும்ப விரிக்க முடியாது. தூக்கிப் போட்ட தொண்ணூற்றொன்பது பங்கு எங்கேயும் காத்திருப்பதில்லை. இதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மவுஸை வெறுமனே நகர்த்திக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் படங்களையும் வாராவாரம் அழித்துவிடுவேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது: மலருக்கு வாட்ஸ்அப்பில் நம்பிக்கை இல்லை, "மெயில்ல அனுப்பறேங்க, அதான் ஆபீஸ் முறை" என்று சொல்லி அனுப்பினார். கடை மெயிலில் ஒரு மணி நேரம் தேடினேன். இருந்தது. முழுசாக, நாலரை எம்பி.

ஏதோ கல்யாண மண்டப வாசல். மஞ்சள் புடவையில் மலர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். விண்ணப்பத்துக்காக நான் பின்னணியை வெள்ளையாக்கி, தோளோடு ஒட்டி ஒரு பக்கத்தை வெட்டியிருந்தேன். அந்தப் பக்கத்தில் வேட்டி சட்டையில் செல்வராசு நின்றிருந்தார். காமிராவைப் பார்க்காமல், மலரைப் பார்த்துக்கொண்டு. கடை நாற்காலியில் இருந்த செல்வராசு எழுந்து திரைக்குக் கிட்டே வந்தார்.

"இதுல நானும் இருந்தேனா மேடம்?"

இந்தத் தொழிலை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடலாம் என்று நானும் இரண்டு முறை விண்ணப்பம் போட்டேன். இரண்டு முறையும் போட்டோவின் அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.